அப்பல்லோ வண்ணத்துப்பூச்சியும் மடகஸ்காரின் பகல் அந்துப்பூச்சியும்: எதை வைத்து ஒப்பிடுவது?

தம்பலகாமம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலையின் சுவர்ச் சஞ்சிகைக்காக, உயர்தர மாணவர்கள் இரண்டு பூச்சிகளை அருகருகே வைத்து எழுதுகிறார்கள். ஒன்று, ஐரோப்பாவின் குளிர்மலைகளில் வாழும் அப்பல்லோ. லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட இந்த வண்ணத்துப்பூச்சிக்கு வெள்ளைச் செட்டை, அதில் கரும்புள்ளிகள், பின்செட்டையில் கருவளையம் சூழ்ந்த செம்பொட்டுகள் உண்டு. மற்றது, மடகஸ்கார் தீவில் பட்டப்பகலில் பறக்கும் அந்திவான அந்துப்பூச்சி, அதாவது கிரைசிரிடியா ரைபியஸ். கறுப்புச் செட்டையில் பச்சை, நீலம், பொன், செம்பு நிறங்கள் மின்னும் இதனை 1773இல் விவரித்த ட்ரூரி, வண்ணத்துப்பூச்சி என்றே கருதிப் பப்பிலியோ பேரினத்தில் சேர்த்தார்.

வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் வேறுபடுத்த வகுப்பில் நாம் கொடுக்கும் அட்டவணை இந்த இரண்டுக்கும் முன்னால் நிற்கவில்லை. வண்ணத்துப்பூச்சி செட்டைகளை மேலே கூப்பி ஓய்வெடுக்கும், அந்துப்பூச்சி விரித்து வைக்கும் என்கிறோம். அப்பல்லோ வெயிலில் செட்டைகளைத் தட்டையாக விரித்துக்கொண்டு கிடக்கிறது. மடகஸ்கார்ப் பூச்சியோ ஓய்வில் செட்டைகளை மேல்நோக்கிக் கூப்பி வைக்கிறது. அந்துப்பூச்சியின் உடல் தடித்து மயிர் அடர்ந்திருக்கும் என்கிறோம். மயிர் போர்த்த உடல் இங்கே அப்பல்லோவுடையது. வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு வெறுமனே தொங்கும், அந்துப்பூச்சிதான் பட்டு நூலால் கூடு கட்டும் என்கிறோம். அப்பல்லோவின் குடம்பி (புழுப்பருவம்) தரையில், கற்களுக்கிடையே, தளர்வான பட்டுக்கூடு ஒன்றைப் பின்னிக்கொண்டுதான் கூட்டுப்புழுவாகிறது. பகல், இரவு என்னும் பிரிவு இங்கே தொடக்கத்திலேயே பயனற்றுப் போகிறது. அட்டவணையில் மிஞ்சுவது உணர்கொம்பு ஒன்றுதான். அப்பல்லோவின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போல் தடித்திருக்கிறது. மற்றதற்கு அந்தக் குமிழ் இல்லை.

அப்படியானால் இவ்விரண்டையும் எதை அடிப்படையாகக் கொண்டு ஒப்பிடுவது? குளிரும் வெப்பமும் என்று தலைப்பிட்டு எழுதலாமா, அல்லது அது மேலோட்டமாகிவிடுமா? இயற்கையைக் கூர்ந்து பார்ப்பவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன்.

நிலாவெளி வாசன்:

வணக்கம் ரீச்சர். என் பார்வையில் காலநிலையே அடிப்படை. வெயில் மிகுந்த நாடுகளில் வெளிச்சம் அதிகம், அதனால் நிறமும் அதிகம். மடகஸ்கார்ப் பூச்சியின் பளபளப்பு அங்கிருந்து வருகிறது. அப்பல்லோ பனி மூடிய மலையில் வாழ்வதால் பனியோடு பனியாக மறைந்துகொள்ள வெண்மையாக இருக்கிறது. இந்த ஒரு காரணத்தைக்கொண்டே கட்டுரை முழுவதையும் கட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கன்னியா மைந்தன் (சுவிற்சர்லாந்து):

நான் பிறந்தது கன்னியாவில். இப்போது இருப்பது சுவிஸ் நாட்டில். வலே மாநிலத்தின் கற்சரிவுகளில் அப்பல்லோவை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருப்பதால், வாசன் தம்பியின் கருத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் பதில் தருகிறேன்.

நிறைவுடல் அப்பல்லோ, அதாவது செட்டை முளைத்த முதிர்ந்த பூச்சி, பறக்கும் கோடைகாலத்தில், அது பறக்கும் சரிவில் பனி இருப்பதில்லை. காய்ந்த புல், சாம்பல் நிறப் பாறை, ஊதா நிற முட்செடிப் பூக்கள் ஆகியவற்றுக்கு நடுவே அந்த வெள்ளைச் செட்டை வெகுதூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது. அது மறைவதற்கான நிறம் அன்று. அருகில் குனிந்து பார்த்தால், வெண்மைகூட முழுமையானதன்று என்பது தெரியும். முன்செட்டையின் வெளிவிளிம்பில் செதில்கள் மிகக் குறைவாக இருப்பதால் அந்தப் பகுதி எண்ணெய் தோய்ந்த தாளைப் போல ஒளி ஊடுருவ நிற்கிறது. செட்டை உடலோடு சேரும் அடிப்பகுதியில் மாத்திரம் கரித்தூள் தூவியது போன்ற கருமை. உடலின் மேல் நரைத்த மயிர் அடர்ந்திருக்கிறது.

ஒரு முகில் சூரியனை மறைத்ததும் பறந்துகொண்டிருந்தவை எல்லாம் புல்லில் இறங்கிவிடுகின்றன. அப்போது ஒன்றைத் தொடப் போனால், அது பறந்து தப்புவதில்லை. திடீரெனச் செட்டைகளை விரித்துச் செம்பொட்டுகளைக் காட்டி, கால்களால் செட்டையின் அடிப்பக்கத்தைச் சுரண்டிச் சீறுவது போன்ற ஓர் ஒலியை எழுப்புகிறது. உடல் குளிர்ந்து பறக்க இயலாத வேளையில் அதற்கு இருக்கும் தற்காப்பு அது. ஆகவே அந்தச் சிவப்பை அழகுக்காக அமைந்ததென்று மாணவர்கள் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள் ரீச்சர்.

பனிக்கும் அப்பல்லோவுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது முட்டைப் பருவத்தில். கோடையில் இடப்படும் முட்டைக்குள் குடம்பி சில கிழமைகளிலேயே முழுதாக உருவாகிவிடுகிறது. உருவான பிறகும் வெளியே வராமல், ஓட்டுக்குள் இருந்தபடியே மாரியைக் கழித்து, பனி உருகும் காலத்தில்தான் ஓட்டைக் கடித்து வெளிவருகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு தலைமுறை.

உப்புவெளி பௌதிகம்:

நான் பௌதிகவியல் கற்பிப்பவன். நிறத்தைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் பேச்சு வந்ததால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பறக்கும் தசை நெஞ்சறையில் இருக்கிறது. அது போதிய அளவு சூடாகாமல் வண்ணத்துப்பூச்சியால் பறக்க இயலாது. குளிர்மலை வண்ணத்துப்பூச்சிகளுள் மிக நன்றாக ஆராயப்பட்ட கோலியாஸ் பேரினத்தில், தடையின்றிப் பறப்பதற்கு உடல் வெப்பநிலை ஏறக்குறைய 35 முதல் 38 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டியிருக்கிறது. சுற்றியுள்ள காற்று 15 பாகையில் இருக்கும்போது எஞ்சிய 20 பாகையைச் சூரியனிடமிருந்து நேரடியாகப் பெற்றாக வேண்டும். அப்பல்லோவின் செட்டையடிக் கருமைக்கும் உடல் மயிருக்கும் காரணம் இங்கே இருக்கிறது: கருமை கதிர்ப்பை உறிஞ்சுகிறது, மயிர் அந்தச் சூட்டைக் காற்று அள்ளிச் செல்லாமல் தடுக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. அப்பல்லோவின் நெருங்கிய உறவான பர்னாசியஸ் ஃபீபஸ் இனத்தில் 1980களில் நடந்த ஆய்வு, செட்டையின் அடிப்பகுதிக் கருமை மட்டுமே நெஞ்சறையைச் சூடாக்க உதவுகிறது என்றும், வெளிப்பகுதி கறுத்திருப்பதால் வெப்பத்துக்குப் பயன் எதுவும் இல்லை என்றும் காட்டியது. செட்டை மிக மெல்லிய சவ்வு. அது வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. நுனியில் உறிஞ்சப்படும் சூடு உடலை அடையும் முன்பே காற்றில் கலந்துவிடும். ஆகவே செட்டை முழுவதும் கறுப்பாக இருப்பதில் இலாபம் இல்லை. கருமை எங்கே வேலை செய்யுமோ அங்கே மட்டும் இருக்கிறது. மிச்சப் பரப்பு வேறு பணிகளுக்கு விடப்பட்டிருக்கிறது. கன்னியா மைந்தன் அண்ணா சொன்ன "கரித்தூள்" சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

மடகஸ்கார்ப் பூச்சிக்கு இந்தக் கணக்கு வேறு. வெப்பவலயப் பகலில் உடலைச் சூடாக்குவது அதற்கு பெரிய சிக்கல் அன்று. ஆகவே செட்டையின் பெரும் பரப்பைக் காட்சிக்கே கொடுக்க முடிகிறது. அந்தக் காட்சி பிறக்கும் விதமும் அப்பல்லோவின் சிவப்புப் பிறக்கும் விதமும் அடிப்படையிலேயே வேறானவை. அப்பல்லோவின் சிவப்பு நிறப்பொருளால் ஆனது; வெயில் பட்டுப் பட்டு வெளிறி, வயதான பூச்சிகளில் அது செம்மஞ்சளாகிவிடும். மடகஸ்கார்ப் பூச்சியின் பச்சையிலும் பொன்னிலும் நிறப்பொருள் இல்லை. ஒவ்வொரு செதிலும் புறத்தோல் படைகளும் காற்றுப் படைகளும் மாறி மாறி அடுக்கப்பட்ட அமைப்பு; படைகளின் தடிப்புக்கேற்ப, திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று தலையிட்டு, ஒரு நிறம் வலுப்பெற்று மற்றவை அழிகின்றன. கூரை ஓடுகளைப் போல வரிசையாக ஒன்றன்மேலொன்று படிந்திருக்கும் இந்தச் செதில்கள் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதால், ஒரு செதிலில் பட்டுத் திரும்பும் ஒளி பக்கத்துச் செதிலில் மீண்டும் பட்டு, இரண்டாவது நிறமாக வெளியேறுகிறது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. இதனை யப்பானிய ஆய்வாளர் இருவர் 2007இல் விரிவாக விளக்கினார்கள். நிறப்பொருள் இல்லாததால் வெளிறுவதற்கும் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் விக்டோரியா காலத்தில் இந்தச் செட்டைகளை நகைகளில் பதித்து அணிந்தார்கள்.

வெயில் மிகுந்தால் நிறம் மிகும் என்னும் வாசனின் விதியை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். கட்டமைப்பு நிறம் குளிர்நாடுகளிலும் உண்டு. வெப்பவலயக் காடுகளில் மண்ணிறப் பூச்சிகளே மிகப் பெரும்பான்மை.

மூதூர் போதனாசிரியர்:

விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். பூச்சியைப் பார்க்கும் முன் அது தின்னும் செடியைப் பார் என்பது எங்கள் தொழிலில் முதற்பாடம். ஆசிரியையின் கேள்விக்கு என்னுடைய விடையும் அதுவே: வெப்பநிலையை வைத்து ஒப்பிடாதீர்கள், உணவுச் செடியையும், அந்தச் செடி கைவிடும் காலத்தில் பூச்சி என்ன செய்கிறது என்பதையும் வைத்து ஒப்பிடுங்கள்.

அப்பல்லோவின் குடம்பி சீடம் வகைச் செடிகளைத் தின்கிறது. பாறை இடுக்கில் முளைக்கும், சதைப்பற்றுள்ள சிறு இலைகள் கொண்ட பூண்டு அது. நம் முற்றத்தில் இலை விளிம்பிலிருந்தே கன்று விடும் ரணகள்ளியின் குடும்பம். மடகஸ்கார்ப் பூச்சியின் குடம்பி ஒம்பாலியா என்னும் பேரினத்தை மட்டுமே தின்கிறது. அது ஆமணக்குக் குடும்பம். இரண்டு செடிகளிலும் நஞ்சு இருக்கிறது. சீடத்தில் சார்மென்டோசின் என்னும் சயனோகுளுக்கோசைட்டு, அதாவது சர்க்கரையோடு சயனோத் தொகுதி சேர்ந்த சேர்மம். அப்பல்லோவும் அதன் உறவினங்களும் அதை உடலில் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. ஒம்பாலியாவில் சர்க்கரையை ஒத்த அமைப்புடைய அற்கலோயிட்டுகள்; உண்டவரின் சமிபாட்டு நொதியங்களைத் தடுத்துவிடும். அந்த நஞ்சும் குடம்பியிலிருந்து நிறைவுடல் வரை கடத்தப்படுகிறது.

நஞ்சைச் சுமப்பவன் பகலில் ஒளிய வேண்டியதில்லை. பறவையின் கண்ணுக்கு முன்னால் நின்று, "என்னைத் தின்னாதே" என்று நிறத்தால் சொல்ல வேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் பலவற்றின் வாழ்வு இப்படி அமைந்தது. மலைநாட்டில் வேலை செய்த காலத்தில் தேயிலையைத் தின்னும் எற்றூசியா ஏடிஸ் என்னும் அந்துப்பூச்சியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். பிடித்தவுடன் கழுத்தோரத்திலிருந்து குமிழ் குமிழாக நுரை தள்ளும்; அது சயனைட்டை வெளிவிடும் குடும்பத்தைச் சேர்ந்தது. பகலில், தேயிலைச் செடிகளின் மேல், ஒளிவு மறைவின்றிப் பறக்கும்.

இனி வேறுபாட்டுக்கு வருகிறேன். சீடம் ஆண்டுதோறும் பனிக்கு அடியில் போய், ஆண்டுதோறும் மீண்டு வருகிறது. அது மீளும் என்பது உறுதி. எப்போது என்பதே கேள்வி. ஆகவே அப்பல்லோ இடம் மாறுவதில்லை, முட்டைக்குள் காத்திருக்கிறது. பெண் பூச்சி முட்டையைச் செடியின் மேல்தான் இட வேண்டும் என்றும் இல்லை. அருகிலுள்ள கல்லிலோ காய்ந்த தண்டிலோ இட்டாலும் போதும், ஏனெனில் இளவேனிலில் செடி அதே இடத்தில் முளைக்கும். மடகஸ்காரில் நிலைமை வேறு. ஒம்பாலியாவில் மூன்று இனங்கள் தீவின் மேற்குப் பக்க வறண்ட காடுகளில் இருக்கின்றன; அவை வறட்சிக்காலத்தில் இலை உதிர்ப்பவை. ஓர் இனம் கிழக்கின் மழைக்காட்டில் இருக்கிறது. மேற்கில் இலை இல்லாத காலத்தில் பூச்சிகள் தீவைக் குறுக்கே கடந்து கிழக்குக்குப் போகின்றன. அவற்றின் கூட்டுப்புழுப் பருவம் ஏறக்குறைய மூன்று கிழமைதான். முட்டைக்குள் பல மாதங்கள் உறங்கிக் கிடக்கும் அப்பல்லோவின் ஒழுங்கு அதற்கு இல்லை.

செடி இல்லாத காலத்தை ஒன்று காத்திருந்து கடக்கிறது, மற்றது பறந்து கடக்கிறது. உடலமைப்பு, முட்டையிடும் முறை, பறக்கும் வலு, ஆண்டுக்கு எத்தனை தலைமுறை என்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து விளங்கும்.

நிலாவெளி வாசன்:

ஐயா, செடியும் நஞ்சும் பற்றிய விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் அதுவும் கடைசியில் காலநிலைக்குள்தானே வருகிறது? குளிர்நாட்டில் பருவம் மாறுகிறது, ஆகவே காத்திருக்க வேண்டும். வெப்பவலயத்தில் பருவம் மாறுவதில்லை என்றால், அங்கே ஏன் இடம்பெயர வேண்டும்?

மூதூர் போதனாசிரியர்:

தம்பி, வெப்பவலயத்தில் பருவம் மாறுவதில்லை என்பதை நிலாவெளியில் இருந்துகொண்டு எழுதலாமா? ஐப்பசியில் வாடை தொடங்கி மார்கழி, தை வரை நமக்கு மழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்தச் சில மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி முதல் கச்சான் காற்று வீசும்போது பற்றைக்காடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நமக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் செடி கைவிடும் காலம் உண்டு. அந்திநேரத்தில் வீட்டுக்குள் வந்து விழும் மெலனிற்றிஸ் லீடா என்னும் மண்ணிற வண்ணத்துப்பூச்சி மழைக்காலத்தில் தெளிவான கண்பொட்டுகளோடும், வறட்சிக்காலத்தில் அந்தப் பொட்டுகள் மங்கி, காய்ந்த இலையைப் போன்ற செட்டையோடும் பிறக்கிறது. பருவம் இல்லாத நாட்டில் ஒரே இனத்துக்கு இரண்டு உடுப்பு எதற்கு?

இன்னொன்றும் உண்டு. மத்திய அமெரிக்காவில் மடகஸ்கார்ப் பூச்சியின் உறவான யுரேனியா ஃபுல்ஜென்ஸ் இருக்கிறது. அதன் குடம்பியும் ஒம்பாலியாவையே தின்கிறது. சில ஆண்டுகளில் அது பெருந்திரளாக இடம்பெயர்வதைப் பனாமாவில் நெடுங்காலம் பார்த்த ஆய்வாளர், இலை மீண்டும் மீண்டும் தின்னப்படும்போது செடி நஞ்சைக் கூட்டிக்கொள்கிறது என்றும், அதனால் அந்தச் செடியில் அடுத்த தலைமுறை வளர முடியாமல் பூச்சிகள் வேறு காட்டைத் தேடுகின்றன என்றும் விளக்கினார். அங்கே இலை உதிரவில்லை, மழையும் நிற்கவில்லை, செடியே துரத்துகிறது. இதைக் காலநிலை என்று சொல்ல முடியுமா?

கன்னியா மைந்தன் (சுவிற்சர்லாந்து):

போதனாசிரியர் ஐயா சொன்னதோடு நான் உடன்படுகிறேன். குளிர் என்றால் வண்ணத்துப்பூச்சி, வெப்பம் என்றால் அந்துப்பூச்சி என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் படிந்துவிடாமல் இருக்க ஒரு வரி சேர்க்கலாம். கனடாவின் வடமுனைத் தீவுகளில் வாழும் கைனஃபோரா குரோன்லண்டிக்கா ஓர் அந்துப்பூச்சி. அதன் மயிர்க்கொட்டி ஒவ்வொரு குளிர்காலத்திலும் உறைந்து, ஒவ்வொரு கோடையிலும் சிறிது தின்று, நிறைவுடலாக ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் எடுக்கிறது. காத்திருப்பதில் அப்பல்லோவை விஞ்சியது அது.

காத்திருப்பவனுக்கு வரும் ஆபத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். குளிர்கால நடுவில் சில நாட்கள் சூடேறிப் பனி உருகினால், முட்டைக்குள் இருக்கும் குடம்பி காலம் தப்பி வெளிவரும். பின்னர் மீண்டும் உறைபனி வந்தால் தின்ன எதுவும் இல்லாமல் இறந்துவிடும். மேய்ச்சல் கைவிடப்பட்ட மலைச்சரிவுகளில் பற்றையும் மரமும் எழுந்து சீடத்தின் மேல் நிழல் விழுந்தாலும் அப்பல்லோவுக்கு வாழ்வில்லை. வேறு மலைக்குப் போய்ப் பிழைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. போலந்தின் பியனினி மலையில் 1990களின் தொடக்கத்தில் சில பத்துப் பூச்சிகளே எஞ்சியிருந்தன; வளர்த்து விட்டும், சரிவுகளைத் திறந்தவெளியாக வெட்டி வைத்தும்தான் அதை மீட்டார்கள். அப்பல்லோவைப் பிடித்து நாடு விட்டு நாடு விற்பதற்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாடு இருக்கிறது.

இடம்பெயர்பவனும் பாதுகாப்பாக இல்லை. யமேக்காவில் இருந்த யுரேனியா சுலோனஸ், கறுப்பில் பச்சையும் செம்பும் மின்னிய பகல் அந்துப்பூச்சி, 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு யாராலும் காணப்படவில்லை. தாழ்நிலக் காடுகள் வெட்டப்பட்டதும், போய்ச் சேர வேறு ஒம்பாலியாக் காடு தீவில் இல்லாமற் போனதுமே காரணமாகக் கருதப்படுகிறது. பறக்கும் வலு இருந்தும், இறங்க இடம் இல்லை. மடகஸ்காரில் கிழக்குக் காடோ மேற்குக் காடோ ஒன்று அழிந்தாலும் மற்றதன் பூச்சி தப்பும் என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தே அதன் வீடு.

தம்பலகாமம் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. "செடி கைவிடும் காலம்" என்பதையே ஒப்பீட்டின் அச்சாகக் கொள்வது என்று மாணவர்களோடு பேசி முடிவெடுத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள்: இந்த இரண்டையும் எங்கள் பிள்ளைகள் நேரில் பார்க்கப் போவதில்லை. திருகோணமலையில் அவர்கள் கண்ணால் பார்த்து, தாங்களே வரைந்து, கட்டுரையோடு ஒட்டக்கூடிய உறவினங்கள் எவை?

மூதூர் போதனாசிரியர்:

அப்பல்லோ பப்பிலியோனிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் நமக்கு மிக அண்மையில் இருப்பது, கறுப்புச் செட்டையில் சிவப்புப் பொட்டும் சிவந்த உடலும் கொண்ட பக்லியோப்டா ஹெக்டர். கடற்கரையோரப் பற்றைகளில் ஆடுதின்னாப்பாளை எங்கே படர்ந்திருக்கிறதோ அங்கே காத்திருந்தால் பெண் பூச்சி முட்டையிட வரும். ஆடு தின்னாத அந்தக் கசப்பையே குடம்பி தின்று நஞ்சாக்கிக்கொள்கிறது. சிவப்பு எச்சரிக்கை, செடியிலிருந்து பெற்ற நஞ்சு, பதற்றமில்லாத பறப்பு ஆகிய மூன்றும் அப்பல்லோவிலும் இதிலும் ஒன்றாக இருப்பதைப் பிள்ளைகள் நேரில் காணலாம். கூட்டுப்புழுவை மட்டும் வேறுபடுத்தி வரையச் சொல்லுங்கள். இது தண்டில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு வெறுமனே நிற்கும், அப்பல்லோவின் பட்டுக்கூடு இதற்கு இல்லை. செடியைப் பிடுங்க வேண்டாம், அங்கேயே பார்த்து வரையட்டும்.

உப்புவெளி பௌதிகம்:

பகல் அந்துப்பூச்சிக்கு நான் முன்மொழிவது செஃபனோடெஸ் ஹைலாஸ். வெட்சிப் பூங்கொத்துகளின் முன்னால் காலை வேளையில் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும் பச்சை நிறப் பூச்சி. பலர் அதைத் தேனீ அல்லது சிறு குருவி என்று எண்ணுவார்கள். கூட்டிலிருந்து வெளிவரும்போது அதன் செட்டையில் நரைநிறச் செதில்கள் இருக்கின்றன. முதன்முறை செட்டையை அதிர்த்தவுடன் அவை தூளாக உதிர்ந்து, கண்ணாடி போன்ற சவ்வும் மண்ணிற நரம்புகளும் மட்டுமே எஞ்சுகின்றன. வயிற்றின் நுனியில் கறுத்த மயிர்க் குஞ்சம் விசிறியாக விரியும். உணர்கொம்பு நடுவிலிருந்து நுனிவரை மெல்லத் தடித்து, கடைசியில் சிறு கொக்கியாக வளையும். வண்ணத்துப்பூச்சியின் குமிழோடு ஒப்பிட்டு வரைவதற்கு இது மிகச் சிறந்தது.

இதை வைத்து வெப்பக் கணக்கின் மறுபக்கத்தையும் விளக்கலாம். அந்தரத்தில் நின்று பறக்கும்போது தசை வெளியிடும் சூடு மிக அதிகம். அப்பல்லோ சூட்டைத் தேட வேண்டியிருக்க, செஃபனோடெஸ் சேர்ந்திருக்கும் பருந்து அந்துப்பூச்சிக் குடும்பத்துக்குச் சூட்டைக் கழிப்பதே வேலை. அந்தக் குடும்பத்தின் மண்டூக்கா செக்ஸ்டா இனத்தில் 1970ஆம் ஆண்டையொட்டி நடந்த பரிசோதனைகள், நெஞ்சறை அளவுக்கு மேல் சூடானால் இதயம் குருதியை வயிற்றுப் பகுதிக்கு வேகமாகச் செலுத்தி, அந்தச் சூட்டை அங்கிருந்து வெளியேற்றுகிறது என்று காட்டின. நம் ஊரில் வைகாசி நண்பகல் 34 பாகையைத் தொடும்போது, பறக்கும் பூச்சியின் உடலுக்குள் இந்தக் குழாய்வேலை எவ்வளவு தேவை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நிலாவெளி வாசன்:

ஒரு கேள்வி மிச்சம். அந்துப்பூச்சிகளுக்கு வௌவாலின் ஒலியைக் கேட்கும் செவி உண்டு என்று படித்திருக்கிறேன். பகலில் பறக்கும் மடகஸ்கார்ப் பூச்சிக்கும் அது இருக்கிறதா, அல்லது அப்பல்லோவைப் போல அதுவும் செவியை விட்டுவிட்டதா?

உப்புவெளி பௌதிகம்:

இருக்கிறது. அதன் குடும்பமான யுரேனிடேயில் செவி வயிற்றின் அடிப்பகுதியில் அமைந்திருக்கிறது; ஆணிலும் பெண்ணிலும் அது வெவ்வேறு இடத்தில் இருப்பது அந்தக் குடும்பத்துக்கே உரிய விந்தை. "விட்டுவிட்டது" என்னும் சொல்லை அப்பல்லோவுக்குப் பயன்படுத்துவதில் கவனம் தேவை, வாசன். வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தும் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இரவில் பறந்த அந்துப்பூச்சி முன்னோரிடமிருந்து பிரிந்து பகலுக்கு வந்த ஒரே கிளை. வௌவால்கள் வானில் எழுந்தது அதற்கு வெகுகாலம் பின்னர். ஆகவே அந்தக் கிளையின் முன்னோருக்கு வௌவாலைக் கேட்கும் செவி இருந்திருக்கவே தேவையில்லை. மடகஸ்கார்ப் பூச்சியின் குடும்பம் இரவிலேயே நீண்டகாலம் இருந்தது, செவியும் அங்கே உருவானது. அதன் பிறகே அதன் ஒரு கிளை தனியாகப் பகலுக்கு வந்தது. வண்ணத்துப்பூச்சிகளிலும் அமெரிக்க வெப்பவலயத்தின் ஹெடிலிடே குடும்பம் மீண்டும் இரவுக்குத் திரும்பியது. அதற்குச் செட்டையின் அடியில் செவி இருக்கிறது.

ரீச்சர், சஞ்சிகையில் உணர்கொம்புப் படத்துக்குப் பக்கத்தில் இந்தச் செவியையும் ஒரு கோட்டுப் படமாகச் சேர்த்தால், இரண்டும் தனித்தனி வழியாகப் பகலுக்கு வந்தவை என்பதற்குச் சான்றாக அமையும். வரைபடத்தை நான் தயார் செய்து இந்த இழையிலேயே இணைத்துவிடுகிறேன்.